வீட்டிலேயே கார் கிளட்ச் மாற்றத் தேவையான கருவிகள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளட்ச் மாற்றுவது என்று நாம் சொன்னாலும், அந்த வேலையின் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான். கிளட்ச் பிளேட்டும், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பதால், அவற்றை எட்டுவதற்கு முன் பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டி, ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் கேபிள்கள், சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு ஆக்சில்கள், கியர்பாக்ஸைக் காரோடு தாங்கும் மவுண்டிங் என்று வரிசையாகப் பலவற்றைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே முதன்முதலாக இதில் இறங்குபவர், ஏறத்தாழ முப்பது கிலோ எடையுள்ள ஒரு கியர்பாக்ஸைக் காருக்கு அடியில் படுத்தபடி பத்திரமாக இறக்கி, மறுபடியும் அதே இடத்தில் பொருத்த என்னென்ன வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால், எந்தக் கருவிக்கு எவ்வளவு செலவு செய்வது என்பது தானாகத் தெளிவாகிவிடும். பளபளப்பான நூறு துண்டு ஸ்பேனர் பெட்டிக்கு முன்னால் ஜாக்கிக்கும் ஜாக்கி ஸ்டாண்டுகளுக்கும் பணத்தை ஒதுக்குங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

இங்கே எழுதுவது ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர இயக்கம் கொண்ட, மேனுவல் கியர் உள்ள சிறிய பெட்ரோல் கார்களுக்குப் பொருந்தும். ஆம்னி, ஈக்கோ, பொலேரோ போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் ஆக்சிலுக்குப் பதிலாகப் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டியிருக்கும். வேலை முறை வேறு. கிளட்சைக் கணினியே இயக்கும் ஏ.எம்.டி. கியர் உள்ள காராக இருந்தால், கிளட்ச் மாற்றிய பிறகு ஸ்கேனர் கருவி கொண்டு அதன் கணினிக்குப் புதிய கிளட்சின் நிலையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், வீட்டில் முயல வேண்டாம். ஃப்ளைவீல் என்பது எஞ்சினோடு சுற்றும், கிளட்ச் பிளேட் அழுந்தும் கனத்த சக்கரம்; அது இரண்டு துண்டுகளாக இருக்கும் இரட்டை நிறை ஃப்ளைவீல் பொருத்திய டீசல் கார்களையும் முதல் முயற்சிக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கருவி வாங்கக் கிளம்புவதற்கு முன், கிளட்ச்தான் தேய்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காலியான நேரான சாலையில் நான்காவது கியரில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தினால், எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது என்று பொருள். கியர் விழாமல் முரண்டு பிடிப்பதற்குக் கேபிள் நீண்டுபோனதோ, ஹைட்ராலிக் சிலிண்டரில் கசிவோ காரணமாக இருக்கலாம். அவற்றைச் சரிசெய்யக் கியர்பாக்ஸை இறக்கத் தேவையே இல்லை. மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது பிரேக்குக்குப் பதில் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் சென்னையில் பலருக்கு உண்டு. அப்படி ஓட்டப்பட்ட கார்களில் பெரும்பாலும் பிளேட்தான் போயிருக்கும்.

இடமும் தரையும்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்த வேலைக்குக் கிடைக்கக்கூடிய நல்ல இடம் கீழ்த்தளத்து ஸ்டில்ட் பார்க்கிங்தான். வெயிலும் மழையும் படாது, தரையும் பெரும்பாலும் சிமென்டாக இருக்கும். ஆனால் கார் இரண்டு மூன்று நாள் நகர முடியாமல் நிற்கும் என்பதால், குடியிருப்போர் சங்கத்திடமும் பக்கத்து வண்டிக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். தனி வீடாக இருந்தால் போர்ட்டிகோ போதும். தெருவோரத் தார்ச்சாலை ஒத்துவராது. சித்திரை, வைகாசி வெயிலில் தார் இளகி, ஜாக்கி ஸ்டாண்டின் கால்கள் மெல்ல உள்ளே இறங்கும். தரையில் பேவர் பிளாக் பதித்திருந்தால், ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே கனமான பிளைவுட் துண்டு ஒன்றைப் போட்டுப் பளுவைப் பரவச் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தண்ணீர் புகுந்துவிடக்கூடிய பார்க்கிங் என்றால், வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டாண்டின் மேல் நிற்கும் காரை அவசரத்துக்குத் தள்ளக்கூட முடியாது.

வெளிச்சத்துக்குக் காந்த அடிப்பாகம் கொண்ட, சார்ஜ் செய்து பயன்படுத்தும் எல்.இ.டி. விளக்கு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் வயர் இழுத்து பல்பு மாட்டி அதன் பக்கத்தில் படுப்பது ஆபத்து.

காரைத் தூக்கி நிறுத்த

காரோடு வரும் கத்தரி ஜாக்கி பஞ்சர் பார்ப்பதற்கு மட்டுமே ஆனது. இந்த வேலைக்கு 2 அல்லது 3 டன் தாங்கும் டிராலி ஜாக்கி ஒன்று வேண்டும். வாங்கும்போது டன் கணக்கோடு, அது எவ்வளவு உயரம் தூக்கும் என்பதையும் பாருங்கள். இறக்கிய கியர்பாக்ஸைக் காருக்கு அடியிலிருந்து வெளியே இழுக்க இடைவெளி வேண்டும் என்பதால், காரின் முன்பக்கம் வழக்கத்தைவிடக் கணிசமாக மேலே நிற்க வேண்டும். கடையிலேயே டேப் வைத்து அளந்து பாருங்கள். 40 சென்டிமீட்டருக்குக் குறைவாகத் தூக்கும் ஜாக்கி உங்களைப் பாதி வேலையில் திண்டாட வைக்கும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவது ஸ்டாண்டின் வேலை. ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே இருக்கும் சிறிய ரப்பர் சீல் ஒன்று பழுதானால் அது சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும். ஆகவே 3 டன் திறன் கொண்ட ஜாக்கி ஸ்டாண்டு ஒரு ஜோடி கட்டாயம். பல்லில் மாட்டிப் பூட்டும் வகையைவிட, குறுக்கே கனமான ஊசி செருகும் வகை புதியவர்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். பல் வகையிலும் கூடுதல் ஊசி உள்ள மாதிரிகள் கிடைக்கின்றன. செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் காருக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். ஹாலோ பிளாக் ஓரத்தில் ஒரு புள்ளியில் பளு விழுந்தால் ஒரே நொடியில் பொடிந்துவிடும், அதன் கீழே படுத்திருப்பவருக்கு விலகிக்கொள்ள நேரம் இருக்காது.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைக்க ரப்பர் அல்லது மரத்தாலான தடுப்புக் கட்டைகள் நான்கு வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, தடுப்பு வைத்து, காரின் அடிப்பகுதியில் உற்பத்தியாளர் குறித்திருக்கும் இடங்களில் மட்டும் ஸ்டாண்டுகளை நிறுத்தி, ஜாக்கியை மெதுவாகத் தளர்த்திப் பளுவை அவற்றின் மேல் இறக்குங்கள். பிறகு பம்பரைப் பிடித்து இரு கைகளாலும் வலுவாக ஆட்டிப் பாருங்கள். ஆடி விழுவதாக இருந்தால், நீங்கள் வெளியே நிற்கும் இந்த நேரத்தில் விழட்டும். கழற்றிய முன்சக்கரங்களைக் காரின் ஓரத்தில் சட்டத்துக்கு அடியில் படுக்கவைப்பது கூடுதல் காப்பு. வேலை நடக்கும் நேரம் முழுவதும் வீட்டில் இன்னொருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

ஸ்பேனர்களும் சாக்கெட்டுகளும்

ஜப்பானிய, கொரிய மரபில் வந்த நம் ஊர்ச் சிறிய கார்களில் 10, 12, 14, 17, 19 ஆகிய ஐந்து அளவுகளே பெரும்பாலான வேலையை முடித்துவிடும். பேட்டரி டெர்மினல், சென்சார், சின்னச் சின்னத் தாங்கிகளுக்கு 10. பிரஷர் பிளேட்டுக்குப் பெரும்பாலும் 12. ஸ்டார்ட்டர் மோட்டார், மவுண்டிங், பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸில் எஞ்சினோடு சேரும் மணி வடிவ உறை) ஆகியவற்றுக்கு 12 முதல் 17 வரை. சக்கர நட்டுகளுக்கு 19 அல்லது 21. இந்த அளவுகளில் ரிங் ஸ்பேனர், ஓப்பன் ஸ்பேனர் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட் செட்டை அரை இன்ச் டிரைவில் ஒன்றும், முடிந்தால் இடுக்குகளுக்காக 3/8 இன்ச் டிரைவில் சிறியதாக ஒன்றும் வாங்கலாம். டபாரியா போன்ற இந்தியத் தயாரிப்புகளே இந்த வேலைக்குப் போதுமானவை.

சாக்கெட்டை வாங்கும்போது உள்ளே திருப்பிப் பாருங்கள். ஆறு முனை கொண்ட சாக்கெட் போல்ட் தலையின் பக்கங்களை முழுமையாகப் பிடிக்கும். பன்னிரண்டு முனை கொண்டது மாட்டுவதற்கு எளிது, ஆனால் துருவேறிய தலையில் வலுக்கொடுத்தால் விளிம்புகளைத் தேய்த்து உருண்டையாக்கிவிடும். ஆகவே 12, 14, 17 ஆகிய மூன்று அளவுகளிலாவது ஆறு முனைச் சாக்கெட்டுகளைத் தனியாக வாங்கிவிடுங்கள்; அவற்றில் நீளமான டீப் சாக்கெட்டும் ஒன்றிரண்டு இருக்கட்டும்.

கூடவே எக்ஸ்டென்ஷன் ராடுகள் வேண்டும். பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகள் எஞ்சினுக்கும் தடுப்புத் தகட்டுக்கும் இடையில், கை நுழையாத இடத்தில் இருக்கும். 3 இன்ச், 6 இன்ச், 10 இன்ச் என மூன்று நீளங்களும், வளைந்து கொடுக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் ஒன்றும் இருந்தால், அடியிலிருந்தோ சக்கரக் குடைவின் வழியாகவோ அவற்றை எட்டிவிடலாம். புதியவர்கள் அதிக நேரம் செலவிடும் இடம் இதுதான். இரண்டு எக்ஸ்டென்ஷன்களை இணைத்து மேலிருந்து விடுவதா, கீழிருந்து விடுவதா என்று முதலில் விளக்கடித்துப் பார்த்துத் தீர்மானித்துவிட்டுப் பிறகு கருவியை எடுங்கள்.

இறுக்கமானவற்றைத் தளர்த்த சாக்கெட்டை மாட்டித் திருப்பும் 24 இன்ச் நீளக் கைப்பிடியான பிரேக்கர் பார் ஒன்று தேவை. சாக்கெட்டை ஒரே திசையில் திருப்பும் ராட்செட்டின் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டித் திருப்பும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அதனால் ராட்செட்டின் பற்கள் உடைந்து, கை போய் எதிரில் இருக்கும் இரும்பில் இடிக்கும். ஆக்சிலின் வெளிமுனையில் இருக்கும் ஹப் நட்டு பெரும்பாலும் 30 அல்லது 32 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதற்குரிய கனத்த சாக்கெட்டை உங்கள் காரின் அளவைக் கேட்டு உறுதி செய்துகொண்டு தனியாக வாங்க வேண்டும். இந்த நட்டைக் காரைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, தளர்த்திவிட வேண்டும். நட்டின் விளிம்பை ஆக்சிலின் குழிக்குள் தட்டி மடக்கியிருப்பார்கள். அதைச் சிறு உளியால் நிமிர்த்திய பிறகே திருப்பவும். திரும்ப மாட்டும்போது புது நட்டு போடுவதே முறை. சில கார்களில் ஹப்பைக் கீழே லோயர் ஆர்மோடு இணைக்கும் கீழ் பால் ஜாயின்ட்டை மட்டும் விடுவித்து ஹப்பை வெளிப்பக்கமாகச் சாய்த்தாலே ஆக்சிலின் உள்முனை கியர்பாக்ஸிலிருந்து வெளிவந்துவிடும். அப்போது ஹப் நட்டைத் தொட வேண்டியதில்லை.

துருவோடு போராட

கடற்காற்று வீசும் நகரம் இது. திருவான்மியூர், பெசன்ட் நகர், எண்ணூர் பக்கத்துக் கார்களின் அடிப்பகுதி போல்ட்டுகளைப் பார்த்தாலே தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் நீரில் நின்ற கார்களின் பெல் ஹவுசிங்குக்குள் சேறும் துருவும் சேர்ந்திருப்பதற்கு வாய்ப்பு உண்டு. அத்தகைய காரில் வேலை தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலையே, தெரிகிற போல்ட்டுகள் அனைத்திலும் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிடுங்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை அடியுங்கள். எண்ணெய் போல்ட்டின் திருகு இழைக்குள் இறங்க நேரம் வேண்டும்.

இதற்குக் கம்பி பிரஷ், ஒரு கிலோ சுத்தியல், ரப்பர் அல்லது நைலான் சுத்தியல், சிறு உளி ஆகியவை தேவை. கம்பி பிரஷால் இழையில் ஒட்டியிருக்கும் அழுக்கை நீக்கிவிட்டு, போல்ட் தலையில் நேராக இரண்டு மூன்று தட்டுத் தட்டினால் பாதி பிடிப்பு விட்டுவிடும். தளர்த்தும்போது கால் சுற்று திருப்பி, மறுபடியும் சற்று இறுக்கி, மீண்டும் தளர்த்துங்கள். அலுமினிய கியர்பாக்ஸ் உறையில் இரும்பு போல்ட்டை ஒரே மூச்சில் இழுத்தால் இழையும் சேர்ந்து உரிந்து வரும். பேட்டரியில் இயங்கும் இம்பாக்ட் ரெஞ்ச் யாரிடமாவது இரவல் கிடைத்தால் தளர்த்துவதற்கு வாங்கிக்கொள்ளலாம். இறுக்குவதற்கு அதைத் தொடவே கூடாது.

கியர் ஆயில், பால் ஜாயின்ட், ஆக்சில்

ஆக்சிலை உருவினால் கியர் ஆயில் கொட்டும் என்பதால் முதலில் அதை வடித்துவிட வேண்டும். ஐந்து லிட்டர் கொள்ளும் அகலமான தட்டு, நீளமான குழாய் பொருத்திய புனல், தரையில் சிந்தியதை உறிஞ்ச மரத்தூள், ஒரு மூட்டை காட்டன் வேஸ்ட் ஆகியவை போதும். டிரெய்ன் பிளக்கின் தலை சில கார்களில் சதுரக் குழியாகவும், சிலவற்றில் ஆலன் குழியாகவும் இருக்கும். உங்கள் காரில் எது என்று குனிந்து பார்த்து அதற்குரிய சாவியை வாங்குங்கள். எப்போதும் ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் தளர்த்திப் பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். வடித்த பிறகு ஊற்றும் பிளக் திறக்க மறுத்தால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். பழைய ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றாமல் கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கீழ் பால் ஜாயின்ட் சில கார்களில் ஒரு குறுக்கு போல்ட்டால் கவ்வப்பட்டிருக்கும். போல்ட்டை உருவி, நீண்ட நெம்புகோலால் லோயர் ஆர்மைக் கீழே அழுத்தினால் விலகிவிடும். கூம்பு வடிவத்தில் பொருந்தியிருக்கும் வகைக்குத் திருகு கொண்ட பால் ஜாயின்ட் புல்லர் வேண்டும். கவை வடிவத்தில் சுத்தியலால் அடித்து இறக்கும் கருவி விலை குறைவு என்றாலும் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். ரப்பர் கிழிந்தால் மழைத் தண்ணீர் புகுந்து சில மாதங்களில் பால் ஜாயின்ட்டே போய்விடும்.

ஆக்சிலின் உள்முனையைக் கியர்பாக்ஸிலிருந்து விடுவிக்க 18 அல்லது 24 இன்ச் நெம்புகோல் இரண்டு வாங்குங்கள். உறைக்கும் ஜாயின்ட்டுக்கும் இடையில் முனையை வைத்து ஒரு சுண்டு சுண்டினால், உள்ளிருக்கும் கம்பி வளையம் விட்டுக்கொடுத்து ஜாயின்ட் வெளியே வரும். ஆக்சிலின் நடுத்தண்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயின்ட் தனித்தனியாகப் பிரிந்துவிடக்கூடும். வெளியே வந்த ஆக்சிலைத் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷனோடு கட்டி வையுங்கள்.

எஞ்சினைத் தாங்கவும் கியர்பாக்ஸை இறக்கவும்

கியர்பாக்ஸை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்து மவுண்டிங்கின் ஆதரவு எஞ்சினுக்கு இல்லாமல் போகும். ஆகவே அதைத் தனியாகத் தாங்க வேண்டும். எஞ்சின் அறையின் இரு ஓரங்களிலும் உட்கார்ந்து, நடுவில் கொக்கி போட்டு எஞ்சினைத் தொங்கவிடும் எஞ்சின் சப்போர்ட் பார் இதற்கு மிகச் சிறந்தது; காருக்கு அடியில் இடத்தை அடைக்காது, உயரத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். அது கிடைக்காதபோது, எஞ்சின் ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் அடியில் அகலமான மரப்பலகையை வைத்து இரண்டாவது ஜாக்கியால் தாங்கலாம். பலகை சிறியதாக இருந்தால் சம்ப் நசுங்கும் அல்லது விரிசல் விடும். போர்ட்டிகோ கூரையில் ஊஞ்சலுக்குப் போட்ட கொக்கியில் எஞ்சினைக் கட்டித் தொங்கவிடும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். அந்தக் கொக்கி எவ்வளவு பளுவுக்குக் கணக்கிட்டுப் போடப்பட்டது என்று யாருக்கும் தெரியாது.

கியர்பாக்ஸுக்குக் கீழே டிராலி ஜாக்கியையே வைக்கலாம். அதன் வட்டத் தலையில் கியர்பாக்ஸ் வழுக்காமல் இருக்க, குழிவாகச் செதுக்கிய மரக்கட்டையும், கியர்பாக்ஸோடு சேர்த்துக் கட்ட இழுத்து இறுக்கும் பட்டையும் தேவை. கடைசி போல்ட்டைக் கழற்றியதும் கியர்பாக்ஸ் தானாக வராது; அதன் இன்புட் ஷாஃப்ட், அதாவது எஞ்சினின் சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டு, கிளட்ச் பிளேட்டுக்குள் செருகியிருக்கும். எஞ்சினை விட்டு நேராகப் பக்கவாட்டில் விலக்கி இழுக்க வேண்டும். பாதியில் அது தொங்கினால் அதன் முழு எடையும் ஷாஃப்டின் மேல் விழும். ஒருவர் ஜாக்கியைக் கவனிக்க, மற்றவர் இழுக்க என்று இருவர் இருந்தே ஆக வேண்டிய கட்டம் இது.

விலை மிகக் குறைவான, ஆனால் நான் மிக உயர்வாக மதிக்கும் கருவி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பெல் ஹவுசிங் போல்ட்டின் அதே விட்டமும் இழையும் கொண்ட, ஆனால் அதைவிட ஐந்து சென்டிமீட்டர் நீளமான இரண்டு போல்ட்டுகளை வாங்கி, லேத் பட்டறையில் கொடுத்து அவற்றின் தலையை வெட்டிவிட்டு, வெட்டிய முனையைக் கூம்பாகத் தேய்த்து, ஸ்க்ரூ டிரைவர் நுழைய ஒரு கோடு கீறச் சொல்லுங்கள். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் மட்டுமல்ல, ஏறத்தாழ எல்லாப் பேட்டைகளிலும் இதைச் செய்து தரும் லேத் இருக்கிறது. கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது இந்த இரண்டு தலையில்லாத போல்ட்டுகளை எஞ்சினின் மேல்துளைகளில் திருகிவிட்டால், கியர்பாக்ஸ் அவற்றின் மேல் ஏறி, தண்டவாளத்தில் போவதுபோல் நேராக உள்ளே போகும். பிறகு மற்ற போல்ட்டுகளை மாட்டிவிட்டு, இவற்றை ஸ்க்ரூ டிரைவரால் உருவி, அங்கே அசல் போல்ட்டுகளைப் போடலாம். கைகள் நடுங்க கியர்பாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துளை தேடும் அவஸ்தை இதனால் பெருமளவு குறைந்துவிடுகிறது.

கிளட்சுக்கே உரிய கருவிகள்

இவை மிகச் சிலவே. முதலாவது, கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தும் சென்ட்டரிங் டூல். பிரஷர் பிளேட்டை இறுக்கும்போது கிளட்ச் பிளேட் ஒரு மில்லிமீட்டர் விலகி மாட்டிக்கொண்டாலும், இன்புட் ஷாஃப்ட் அதற்குள் நுழையாது. பல அளவு வளையங்களோடு எல்லாக் கார்களுக்குமாக விற்கும் செட் ஒன்றை வாங்கலாம். சில கிளட்ச் செட்டுகளோடு பிளாஸ்டிக்கில் ஒன்று சேர்ந்தே வரும். இவற்றைவிட நல்லது, அதே மாடல் காரின் பழைய இன்புட் ஷாஃப்ட். புதுப்பேட்டையில் பிரித்த கியர்பாக்ஸ் விற்பவர்களிடம், பல் தேய்ந்து வேறு எதற்கும் உதவாத ஷாஃப்ட் இரும்பு விலைக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. உங்கள் புது கிளட்ச் பிளேட்டைக் கையோடு எடுத்துச் சென்று அதில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, ஃப்ளைவீல் சுற்றாமல் பிடிக்கும் பூட்டு. எஞ்சினில் பெல் ஹவுசிங் போல்ட் மாட்டும் துளையில் பொருத்தி, ஃப்ளைவீலின் வெளிப்பற்களைக் கவ்வும் சிறிய தகடு இது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முழுதும் கழற்றாமல், எதிரெதிராக ஒரு சுற்று, ஒரு சுற்று என்று தளர்த்த வேண்டும், மாட்டும்போதும் அப்படியே. ஒரு பக்கமாக இறுக்கினால் பிளேட் வளைந்து, மிதிக்கும்போது அதிரும்.

பழைய பிளேட்டை எடுத்ததும் உள்ளே கறுப்புத் தூள் நிறைந்திருக்கும். பிளேட்டின் உராயும் பரப்பான லைனிங் பழையதாக இருந்தால் அதில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால் காற்றடித்து ஊதக் கூடாது. பி100 வகை முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயால் நனைத்துத் துணியால் துடையுங்கள். ஃப்ளைவீலில் நீலத் திட்டுகளும் லேசான பளபளப்பும் மட்டும் இருந்தால் 120 எண் எமரி தாளால் தேய்த்தால் போதும். விரல் நகம் தட்டும் அளவுக்குக் கோடோ, விரிசலோ தெரிந்தால் கழற்றி லேத்துக்கு அனுப்பவோ, மாற்றவோ வேண்டும். எஞ்சின் பக்கத்து ஆயில் சீல் கசிகிறதா என்று இப்போதே பாருங்கள், ஏனெனில் மறுபடியும் இவ்வளவையும் கழற்ற யாருக்கும் மனம் வராது. புது சீலை நேராக உள்ளே தட்ட, அதன் வெளிவிட்டத்துக்குச் சமமான பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று போதும்.

கிளட்ச் பிளேட்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதில் புதியவர்கள் தடுமாறுவார்கள். பெரும்பாலான பிளேட்டுகளில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் உள்ள நடுப்பகுதி துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் பொதுவாகக் கியர்பாக்ஸை நோக்கி இருக்கும். பழையதைக் கழற்றும்போதே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்புட் ஷாஃப்டின் பற்களில் உளுந்தளவு வெப்பம் தாங்கும் கிரீஸ் தடவி, பிளேட்டை ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். அதிகமாகத் தடவினால் அது தெறித்துப் புது லைனிங்கிலேயே ஒட்டும். கிளட்சை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் பார்க்க நன்றாக இருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள காரில் காற்றை வெளியேற்ற 8 அல்லது 10 அளவு ரிங் ஸ்பேனர், ஒளி ஊடுருவும் மெல்லிய குழாய், ஒரு பாட்டில், மூடி திறக்காத புதிய பிரேக் ஆயில் ஆகியவை வேண்டும். அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றில் மாதக்கணக்கில் திறந்து வைத்திருந்த டப்பாவைப் பயன்படுத்தக் கூடாது. கேபிள் வகை என்றால் அதை இறுக்கித் தளர்த்தும் நட்டுக்குரிய ஸ்பேனர் மட்டும் போதும்.

டார்க் ரெஞ்ச்

போல்ட்டை எவ்வளவு வலுவோடு இறுக்குகிறோம் என்று அளக்கும் கருவி இது. இதை வாங்காமல் சமாளித்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். பல வருடம் கை பழகிய மெக்கானிக்குக்கு அது சரியாக இருக்கலாம். முதன்முறை செய்பவருக்குச் சரியாகாது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளுக்குச் சிறிய கார்களில் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் அளவே தேவைப்படும், சக்கர நட்டுகளுக்கு 85 முதல் 110 வரை, ஹப் நட்டுக்கோ பல கார்களில் 150-ஐத் தாண்டி 250 வரை போகும். உங்கள் காருக்குரிய சரியான எண்ணை அதன் பட்டறைக் கையேட்டிலிருந்து எடுத்து, ஒரு தாளில் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். காரோடு வரும் உரிமையாளர் கையேட்டில் இவை இருக்காது. ஒரே ரெஞ்ச் இந்த மூன்று வரம்புகளையும் துல்லியமாக அளக்காது என்பதால், 40 முதல் 210 வரை அளக்கும் அரை இன்ச் ரெஞ்ச் ஒன்றை வாங்கி, சிறியதையும், ஹப் நட்டுக்கு 210-க்கு மேல் தேவைப்பட்டால் பெரியதையும் நண்பரிடமோ தெரிந்த பட்டறையிலோ இரவல் பெறலாம். ‘டிக்’ என்ற ஒலி கேட்டதும் நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எல்லைக்குத் திருப்பி வையுங்கள். தளர்த்துவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

எங்கே வாங்குவது, எப்போது தொடங்குவது

கைக்கருவிகளுக்குப் பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருவும் செம்புதாஸ் தெருவும் சுற்றிப் பார்க்க ஏற்றவை. ஒரே கருவியைப் பல கடைகளில் கையில் எடுத்து எடைபார்த்து வாங்கலாம். கிளட்ச் செட், ஆயில் சீல், ஹப் நட்டு போன்ற புதுப் பாகங்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு. வேலியோ, லூக், எக்ஸெடி போன்ற பெயர்களில் கிளட்ச் வாங்கும்போது ரசீது கேட்டு வாங்குங்கள். பழைய பிளேட்டின் விட்டத்தையும் பற்களின் எண்ணிக்கையையும் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பெட்டியை வீசுங்கள். பயன்படுத்திய கியர்பாக்ஸ் மவுண்டிங், தாங்கி போன்றவற்றுக்கும் முன்னே சொன்ன இன்புட் ஷாஃப்டுக்கும் புதுப்பேட்டை. அங்கே உராய்ந்து தேயும் எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டாம். எஞ்சின் சப்போர்ட் பார், புல்லர், சிறிய டார்க் ரெஞ்ச் போன்று ஆண்டுக்கு ஒருமுறைகூட எடுக்காதவற்றை வாங்குவதைவிட இரவல் கேட்பதே சரி. ஜாக்கி ஸ்டாண்டு மட்டும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

வார இறுதியில் செய்வதானால் சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். ஒரு போல்ட் முறிந்தாலோ சீல் கிழிந்தாலோ அன்று மாலைக்குள் கடைக்குப் போய் வரலாம். கழற்றும் போல்ட்டுகளைத் தனித்தனி டிபன் டப்பாக்களில் போட்டு, எது எந்தப் பாகத்தினுடையது என்று எழுதி ஒட்டிவிடுங்கள், ஏனெனில் பெல் ஹவுசிங் போல்ட்டுகள் தலையளவில் ஒன்றாகத் தெரிந்தாலும் நீளத்தில் வேறுபடும்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது கடைசி ஒரு சென்டிமீட்டர் மட்டும் நிற்கிறது என்றால், போல்ட்டை இறுக்கி இழுத்துவிடலாம் என்ற ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அலுமினிய உறையின் காது முறிந்துவிடும். ஏதாவது ஒரு கியரைப் போட்டு, ஆக்சில் நுழையும் துளை வழியாகப் பற்களைச் சற்றே திருப்பிக்கொண்டு தள்ளினால், ஷாஃப்டின் பற்கள் பிளேட்டின் பற்களோடு சேர்ந்து உறை முழுவதுமாகப் பொருந்தும். அதன் பிறகும் போகவில்லையென்றால் பிளேட் நடுவில் இல்லை. வெளியே எடுத்து மறுபடியும் சென்ட்டரிங் டூலைப் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாம் மாட்டி, கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கும் தரத்துக்கும் ஏற்பக் கியர் ஆயில் ஊற்றிய பிறகு, சக்கரம் காற்றில் இருக்கும்போதே எஞ்சினை ஓடவிடாமல் கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். பிறகு காரை இறக்கி, சக்கர நட்டுகளையும் ஹப் நட்டையும் உரிய அளவில் இறுக்குங்கள். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் நிறுத்துவதையும் வேகமாகக் கிளப்புவதையும் தவிர்த்தால் புது லைனிங் சீராகப் படியும். அன்றிரவு கியர்பாக்ஸுக்கு நேர் கீழே ஒரு அட்டைப்பெட்டியை விரித்து வைத்து, காலையில் அதில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடியும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள்.